நத்தையும் சாட்டையும்



பழைய கார்ட்டூன்களை இன்றைய கண் எப்படிப் பார்க்கிறது என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு டாம் அண்ட் ஜெர்ரி பற்றிய பேச்சாக இருக்கும் என்று நம்பி, பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பேச வந்திருப்பது ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான். அதில் பூனையும் இல்லை, எலியும் இல்லை. ஒரு நத்தை மட்டும் உண்டு.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய நத்தை. அதன் ஓட்டின்மேல் ‘அரசமைப்புச் சட்டம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. குதிரைமேல் அமர்வதுபோல அதன்மேல் டாக்டர் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு சாட்டை. பின்னால் ஜவாஹர்லால் நேரு நிற்கிறார். அவர் கையிலும் சாட்டை, ஓங்கிய சாட்டை. சுற்றிலும் பெருங்கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. வரைந்தவர் சங்கர். வெளியானது 1949 ஆகஸ்டு 28.

சங்கர் என்றால் இயக்குநர் சங்கர் இல்லை. கேசவ சங்கரப் பிள்ளை. 1902-ல் திருவிதாங்கூரின் காயங்குளத்தில் பிறந்தவர். 1932-ல் டெல்லிக்குப் போய் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நாளிதழில் படம் வரைந்தார். 1948-ல் ‘சங்கர்ஸ் வீக்லி’ என்று சொந்தமாக ஒரு வார இதழ் தொடங்கினார். அபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன், குட்டி என்று அடுத்த தலைமுறைக் கார்ட்டூனிஸ்டுகள் பலர் அந்தப் பட்டறையைக் கடந்து வந்தவர்கள். நேருவை அவர் வரையாத கோலம் இல்லை. என்னை விட்டுவைக்காதீர்கள் என்று நேருவே அவரிடம் சொன்னதாக இன்றுவரை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அவசரநிலை வந்த 1975-ல் இதழை மூடினார். குழந்தைகளுக்காக ஒரு புத்தக நிறுவனமும் பொம்மை அருங்காட்சியகமும் உருவாக்கினார். 1989-ல் காலமானார். மொத்தத்தில், மோசமான மனிதர் என்று எளிதில் முத்திரை குத்த முடியாத ஆள். அதனால்தான் இந்த வழக்கு எனக்குச் சுவையாகப் படுகிறது. வில்லன் வரைந்த படம் என்றால் பேச என்ன இருக்கிறது?

1949-ல் இந்தப் படத்தைப் பார்த்து யாரும் கொடி பிடிக்கவில்லை. ஐம்பத்தேழு ஆண்டு கழித்து, 2006-ல், என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் இது சேர்க்கப்பட்டது. மனப்பாடத்துக்கு மாற்றாக எழுதப்பட்ட நல்ல பாடநூல்கள் அவை. பக்கத்துக்குப் பக்கம் கார்ட்டூன். உன்னி, முன்னி என்று இரண்டு சித்திரக் குழந்தைகள் ஓரத்தில் நின்று குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். நத்தைப் படத்துக்குக் கீழேயும் ஒரு கேள்வி: அரசமைப்பை எழுதி முடிக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? ஆறு ஆண்டுகள் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள்.

2012-ல் வெடித்தது. முதலில் மகாராஷ்டிரத்தில் எதிர்ப்பு. மே மாதம் மக்களவையில் நம் சிதம்பரம் தொகுதி உறுப்பினர் தொல். திருமாவளவன் எழுப்பினார். கட்சி வேறுபாடில்லாமல் அவை கொதித்தது. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுப்பதாக அறிவித்தார். பாடநூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். மறுநாள் புணே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அறைக்குள் சிலர் புகுந்து பொருள்களை உடைத்தார்கள். நாடாளுமன்றம் தன் முதல் அமர்வின் அறுபதாம் ஆண்டைக் கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்த வாரம் அது.

படித்தவர் வட்டாரத்தில் அப்போது கிட்டத்தட்ட ஒரே குரல்தான் கேட்டது. ‘நகைச்சுவை உணர்ச்சி செத்துப்போய்விட்டது.’ ‘நேரு சிரித்தார், இவர்களுக்குச் சிரிக்கத் தெரியவில்லை.’ ‘அம்பேத்கரே உயிரோடு இருந்தபோது வந்த படம், அவரே ஒன்றும் சொல்லவில்லையே.’ நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன், ஒளிப்பானேன். பத்திரிகைக்காரனுக்குப் படத்தை எடுக்கச் சொன்னாலே கை நடுங்கும். 1987-ல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு நம் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்ததும், ஊர் திரண்டு எதிர்த்ததில் சில நாட்களிலேயே அவரை விடுதலை செய்ய வேண்டி வந்ததும் என் தலைமுறைக்கு மறக்காது. அந்த நினைவோடுதான் நத்தைப் படத்துக்கும் வக்காலத்து வாங்கினேன்.

என் கணக்கு தப்பு என்று புரியவைத்தவர் ஒரு பெரியவர். தஞ்சைப் பக்கம், எங்கள் ஊர்க்காரர். வயலில் உழைத்து ஓய்ந்தவர். ஆங்கிலம் தெரியாது. ஊருக்குப் போயிருந்தபோது, இந்தச் சண்டை என்னவென்று கேட்டவருக்குப் படத்தைக் காட்டினேன். நத்தையைப் பார்ப்பார், மெதுவாகப் போகிறது என்று புரிந்துகொள்வார், சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் நத்தையைப் பார்க்கவே இல்லை. விரலை நேராக நேருவின் கையில் வைத்தார்.

“இந்தாளு யாருங்க, சவுக்க ஓங்கிக்கிட்டு நிக்கிறது?”

“நேருங்க. அது நத்தைய வெரட்டுறதுக்குப் பெரியவரே” என்றேன்.

“நத்த கீழயில்ல கெடக்கு?” என்றார். அதோடு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். மேற்கொண்டு பேச்சில்லை.

டெல்டாவில் ‘சாணிப்பால், சவுக்கடி’ என்று இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும். பண்ணையாள் தப்புச் செய்துவிட்டான் என்று மிராசுதார் நினைத்தால் சவுக்கால் அடிப்பது. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற பொதுவுடைமைத் தோழர்கள் சேரிசேரியாகப் போய்ச் சங்கம் கட்டித்தான் அந்தக் கொடுமையை முறித்தார்கள். சங்கர் இந்தப் படத்தை வரைந்த ஆண்டில் அந்தத் தழும்புகளுக்கு வயது பத்துகூட ஆகியிருக்காது. டெல்லியில் மேசைக்கு முன் உட்கார்ந்திருந்த சங்கருக்குச் சாட்டை என்பது குதிரைவண்டிச் சாமான். வேகத்துக்கு ஒரு குறியீடு. என் பெரியவருக்கு அது முதுகு தொடர்பான பொருள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் சங்கருக்கு அந்த இரண்டாவது அர்த்தம் தோன்றவே இல்லை என்பதையும், அவர் படத்தைப் பார்த்துச் சிரித்த வாசகர்களுக்கும் தோன்றவில்லை என்பதையும் நாம் கவனிக்காமல் போக முடியாது.

‘1949-ல் யாரும் புண்படவில்லை’ என்று சொல்கிறோம் அல்லவா, அந்த ‘யாரும்’ யார்? ஆங்கில இதழை வாங்கிப் படித்த சில ஆயிரம் பேர். சவுக்கடி பட்டவர் அந்தச் சந்தாதாரர் பட்டியலில் இல்லை. தீண்டத்தகாதாருக்கு என்று பத்திரிகை இல்லை என்பதை அம்பேத்கர் 1945-ல், காங்கிரசும் காந்தியும் தம் மக்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில், பெரும் குறையாகவே பதிவு செய்திருக்கிறார். 1920-ல் அவர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்த பத்திரிகை உண்டு. அது திலகரின் ‘கேசரி’. பெயரைக் கவனியுங்கள்: ‘மூக்நாயக்’ என்றால் ஊமைகளின் தலைவன். அப்படிப்பட்ட காலத்தில் எதிர்ப்பு எழவில்லை என்பதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதுவது நியாயமா? 2012-ல் மாறியது மக்களின் தோலின் தடிமன் இல்லை. படம் எந்த வகுப்பறைக்குள் போனதோ, அந்த வகுப்பறையில் இப்போது அந்தப் பெரியவரின் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்பேத்கர் ஒன்றும் சொல்லவில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். படத்தைப் பற்றி அவர் சொன்னாரோ இல்லையோ, தாமதம் என்ற பழியைப் பற்றி நன்றாகவே சொன்னார். படம் வந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1949 நவம்பர் 25 அன்று, அரசமைப்பு நிர்ணய சபையில் அவர் பேசிய நிறைவுரையைப் படித்துப் பாருங்கள். தொடக்கமே கணக்குத்தான். சபை கூடி இரண்டு ஆண்டு பதினோரு மாதம் பதினேழு நாள். வரைவுக் குழு உட்கார்ந்தது 141 நாள். பிறகு நாடுநாடாக எடுத்து ஒப்பிடுகிறார். அமெரிக்கா நான்கு மாதத்தில் முடித்தது. கனடா இரண்டு ஆண்டு ஐந்து மாதம். ஆஸ்திரேலியா ஒன்பது ஆண்டு. அமெரிக்க அரசமைப்பில் பிரிவுகள் ஏழு, நம்முடையதில் 395. நமக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635; சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. வக்கீல் வாதாடுகிறார் என்பது வரிக்கு வரி தெரியும். சபையிலேயே நசிருத்தீன் அகமது என்ற உறுப்பினர், ‘டிராஃப்டிங் கமிட்டி’யில் ஓர் எழுத்தை மாற்றி ‘டிரிஃப்டிங் கமிட்டி’ என்று கேலி செய்திருந்தார். வரைவுக் குழு இல்லை, மிதவைக் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பேத்கர் அந்தக் கேலியை மறைக்கவில்லை. தானே எடுத்துச் சொல்லி, குறி தெரிந்து மிதந்தோம் என்ற பொருளில் பதிலும் கொடுத்தார். அந்தப் பேச்சு சங்கருக்கான பதில் என்று நான் சொல்லவில்லை. கேலி காற்றில் இருந்தது, அவர் அதைக் கேட்டிருந்தார், பதில் வைத்திருந்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு சாட்சி நம் ஊர்க்காரர். டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1948 நவம்பர் 5 அன்று அதே சபையில் எழுந்து வீட்டுக்குள் நடந்ததைப் போட்டு உடைத்தார். வரைவுக் குழுவில் ஏழு பேரை நியமித்தீர்கள். ஒருவர் விலகினார், அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். ஒருவர் இறந்துபோனார், அந்த இடம் காலி. ஒருவர் அமெரிக்காவில். ஒருவர் அரசு வேலையில் மூழ்கியிருக்கிறார். ஒன்றிரண்டு பேர் டெல்லியிலிருந்து தூரத்தில், உடல்நலம் சரியில்லாமல். கடைசியில் மொத்தச் சுமையும் ஒரே ஆள் தலையில், அம்பேத்கர் தலையில், விழுந்தது என்றார். அம்பேத்கருக்கும் உடம்பு நன்றாக இல்லை. சர்க்கரை நோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். நத்தை மேல் ஏன் ஒரே ஒருவர் இருக்கிறார்? மற்ற ஆறு பேர் எங்கே? சங்கர் தன்னையறியாமல் ஓர் உண்மையை வரைந்துவிட்டார்: அந்த மனிதர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். கேலி செய்ய வரைந்த கோடு சாட்சிக் கோடாகிவிட்டது. பழைய கார்ட்டூன்களைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான். வரைந்தவன் சொல்ல நினைக்காததையும் அவை சொல்லித் தொலைக்கின்றன.

பாடநூல்காரர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். ஏன் இத்தனை காலம் ஆயிற்று? ஆனால் படத்துக்கு நேர் கீழே டி.டி.கே.யின் அந்த ஒரு பத்தியை அச்சிட்டிருந்தால், பதினாறு வயதுப் பிள்ளை நத்தையைப் பார்த்துச் சிரித்த வாயை மூடாமலே யோசிக்கத் தொடங்கியிருக்கும். ஆறு ஏழு வரி இடம் பிடித்திருக்கும். என் நாற்பது வருடப் பத்திரிகை வாழ்வில் பாதிப் பிரச்சினைகள் படத்தால் வந்தவை அல்ல, படக்குறிப்பால் வந்தவை.

சங்கரின் காலத்திலேயே அவரை நிறுத்திக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1939-ல், ஜின்னாவை வரைந்த படங்களைப் பார்த்துவிட்டு, காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். கலையாக உங்கள் படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் தகவல் சரியாக இருக்க வேண்டும், கொச்சையாகப் போகக் கூடாது, கேலி கடிக்கக் கூடாது என்ற பொருளில். கடிக்காத கார்ட்டூன் எதற்கு என்று எந்தக் கார்ட்டூனிஸ்டும் கேட்பான். எனக்கும் அந்த அறிவுரையில் பாதிதான் ஒப்புதல். ஆனால் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்ற பாதி, நத்தை விஷயத்தில், அப்படியே பொருந்துகிறது.

2012-க்குப் பிறகு நடந்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது நாடாளுமன்றத்தில் நடந்தது அல்ல. ஒரு மாணவரின் வேலை. உன்னமதி ஸ்யாம சுந்தர் என்று விஜயவாடாக்காரர், அவரே கார்ட்டூனிஸ்ட். ஆய்வு மாணவராக இருந்தவர், ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகள் அம்பேத்கரை எப்படி வரைந்தன என்று தேடினார். நூற்றுக்கு மேல் கிடைத்தன. 2019-ல் நவாயனா வெளியீடாகப் புத்தகமாக வந்தது. ஒரு படத்தை எடுத்துவிடுங்கள் என்று நாடு கத்திக்கொண்டிருந்தபோது, இவர் நூறு படங்களை வெளியே எடுத்துப் போட்டார்! சங்கர் மட்டுமல்ல, அன்றைய பெரிய கைகள் பலரும் இருக்கிறார்கள். வாட்டசாட்டமான மனிதரை எத்தனை படங்களில் குழந்தையாக, எத்தனை படங்களில் பெண்ணாக வரைந்திருக்கிறார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டும்போதுதான், நத்தை தனிப்படம் இல்லை, ஒரு நீண்ட வரிசையில் ஒன்று என்று தெரிகிறது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அன்று என்ன நடந்தது என்ற குறிப்பு. மறுபார்வை என்றால் எனக்கு இதுதான். படத்தை எரிப்பதைவிட இது கடுமையான தண்டனை. படத்தைத் தொழுவதைவிட இது பெரிய மரியாதை.

வெளிநாட்டிலும் இந்தச் சங்கதி உண்டு; ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெல்ஜியச் சித்திரக்கதைக்காரர் எர்ஷே, தன் நாயகன் டின்டினை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய கதை 1930, 31-ல் வந்தது. அதில் காங்கோ குழந்தைகளுக்கு, உங்கள் தாய்நாடு பெல்ஜியம் என்று டின்டின் பாடம் நடத்துவான். 1946-ல் வண்ணத்தில் திரும்ப வரைந்தபோது எர்ஷே அதைக் கணக்குப் பாடமாக மாற்றிவிட்டார். குழந்தைகளின் தடித்த உதடுகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். காங்கோவில் பிறந்த ஒருவர் 2007-ல் அந்தப் புத்தகத்துக்கு எதிராகப் பெல்ஜிய நீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரியில் கோரிக்கை தள்ளுபடியானது. நம் மக்களவை கொதித்ததற்கு மூன்று மாதம் முன்பு. அங்கே கதவைத் தட்டியவரும் இங்கே தட்டியவர்களும் ஒரே வகையினர்: கதைக்குள் வரையப்பட்டவர்கள், புத்தகத்தைக் கையில் வாங்கிப் படிக்கும் நாள் வந்ததும் வந்தவர்கள்.

சரி, அடுத்தவர் வீட்டுக் கதை பேசியாயிற்று. நம் வீட்டுக்கு வருவோம். நத்தைப் புயல் அடங்குவதற்குள், 2012 ஜூனில், இன்னொரு பாடநூலின் படம் தமிழ்நாட்டில் பற்றிக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த இந்தி எதிர்ப்புப் போராட்டப் படம். போராடும் தமிழ் மாணவனுக்கு ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது என்பது அதன் நக்கல். கலைஞர் கருணாநிதி நீக்கச் சொன்னார். தமிழகக் கட்சிகள் பலவும் சேர்ந்துகொண்டன. 1965-ல் தீக்குளித்தவர்களும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களும் யாரென்று அறிந்த ஊருக்கு அந்த நக்கல் எப்படி இருந்திருக்கும்? நேற்றுவரை ‘நகைச்சுவை உணர்ச்சி இல்லையா’ என்று தலித் இயக்கத்தினரைப் பார்த்துக் கேட்ட என் நண்பர்கள் சிலர், லக்ஷ்மண் படத்தைக் கண்டதும் முகம் சிவந்தார்கள். நான் அவர்களைக் கிண்டல் செய்யவில்லை. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தச் சுருக்கைப் பிடித்துக்கொண்டுதான் நான் பெரியவரின் விரலை மறுபடி நினைத்தேன்.

பாடநூல்களை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. பல படங்களை நீக்க அது பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் ஒரே ஒருவர் உடன்படாமல் தனிக்குறிப்பு எழுதினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன். பிராமணர், பிராமணரல்லாதார் அரசியலைப் பற்றி ஆங்கிலத்தில் முக்கியமான நூல் எழுதியவர், எம்.ஜி.ஆர். பிம்பத்தை அறுத்துப் பார்த்தவர். திராவிட இயக்கத்தின் வரலாற்றாசிரியர். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தார் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்டவர் அந்தப் படங்கள் இருக்கட்டும் என்றார். 2014-ல், அகாலத்தில் போய்விட்டார். இருந்திருந்தால் இந்த மேடையில் என் இடத்தில் அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அவரோடு நான் எவ்வளவு தூரம் போவேன்? முழுத் தூரமும் இல்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு நத்தைப் படத்தை, துணைக்கு ஒரு வரியும் இல்லாமல் கொடுப்பதை நான் இன்று ஆதரிக்க மாட்டேன். ஆனால் துணை வரிகளோடு கொடுக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆசிரியருக்கு அந்த நாளில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை சாட்டையைக் காட்டிக் கேட்டால், ‘அது நத்தைக்கு’ என்று நான் சொன்னதுபோல அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

நமக்கும் கருத்துப்படத்துக்கும் உறவு புதிதில்லை. பாரதி 1906-லிருந்து ‘இந்தியா’ இதழில் போட்ட கருத்துப்படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்துப் புத்தகமாகவே கொடுத்திருக்கிறார். அவற்றையும் ஒருநாள் இப்படி மேசையில் பரப்பிப் பார்க்க வேண்டும். யார் பெரிதாக இருக்கிறார்கள், யார் சின்னதாக, யார் இல்லவே இல்லை என்று. அது இன்னொரு கூட்டத்துக்கு.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் மூன்று தாள்களின் பிரதிகள் வைத்திருக்கிறேன். முதல் தாளில் சங்கரின் படம். இரண்டாவதில் டி.டி.கே.யின் பேச்சு. மூன்றாவதில் நவம்பர் 25 உரையின் முதல் பக்கங்கள், தமிழில். டீ வருவதற்குக் கால் மணி நேரம் ஆகுமாம். எடுத்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளோடு வந்தவர்கள் படத்தை முதலில் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.